ஊரித்தீவில் களைப்புப் படர்ந்த மாரி

ஊரித்தீவுக்கு அந்த வருடம் ஐப்பசி மழை மிகவும் பிந்தித்தான் வந்தது. வந்த மழை ஒரு பகலும் ஓர் இரவும் ஓயாமல் பெய்து, உவர்க்கிணறுகளை நல்ல தண்ணீராக்கி, ஆடுகளை அடுப்படிக்குள் ஏற்றிவிட்டு ஓய்ந்தபோது, தென்கரையிலிருந்து தேவாலய வாசல் வரைக்கும் நிலமெல்லாம் தலைமயிரை விட மெல்லிய வெள்ளைநூல் படர்ந்திருந்தது. அந்தக் காலையில்தான் றெஜினா ஒன்பது வருடத்தில் முதல் தடவையாகக் களைப்பில்லாமல் கண்விழித்தாள்.

அவளுக்கு அது என்னவென்று விளங்கவில்லை. இடுப்பைத் தடவிப் பார்த்தாள். தோளை உயர்த்தி இறக்கினாள். செத்துப்போனேனோ என்று நினைத்து, தன் உடம்பு பாயில் கிடக்கிறதா என்று திரும்பியும் பார்த்தாள். பாய் வெறுமையாகத்தான் இருந்தது.

"என்ன தேடுறாய்?" என்று கட்டிலில் கிடந்தபடி கேட்டார் அவள் புருஷன் சூசைதாசன்.

"ஒண்டுமில்லை. எனக்கு என்னவோ செய்யுது."

"என்ன செய்யுது?"

"ஒண்டும் செய்யேல்லை. அதுதான் என்னெண்டு தெரியேல்லை."

சூசைதாசன் ஒரு காலத்தில் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையில் ஓடும் பயணிகள் படகின் இஞ்சின்காரர். காற்றுக்காலம் ஒன்றில் மேல்தட்டிலிருந்து இஞ்சின் அறைக்குள் தலைகீழாக விழுந்து கழுத்து முறிந்தது. அன்றைக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே இருந்தது வேறு யாருடையதோ உடம்பு. அந்த உடம்போ பெரிய எலும்பும் அகன்ற தோளுமாக, ஒரு வள்ளத்தைப் போலப் பாரமானது. மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தரம் பக்கம் மாற்றிப் படுக்கவைக்காவிட்டால் தோல் வெடித்துப் புண் வரும் என்று ஆசுபத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். றெஜினா அன்று தொடங்கிய புரட்டுதலை ஒரு நாளும் விடவில்லை. நத்தார்ப் பெருநாள் அன்றும் புரட்டினாள், தாய் செத்த அன்றும் புரட்டினாள், தனக்குக் காய்ச்சல் கொதித்த அன்று சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் புரட்டினாள். ஊர் முதல் இரண்டு வருடம் வந்து பார்த்தது. பிறகு கோயிலில் காணும்போது "சூசை எப்பிடி?" என்று கேட்டது. பிறகு அதையும் கேட்காமல் தலையை மட்டும் ஆட்டியது.

அந்த வெள்ளைநூலை றெஜினா முன்பே கண்டிருக்கிறாள். போன வருடம் பல்கலைக்கழகத்திலிருந்து விஜயரூபி என்று ஒரு பெண்பிள்ளை வந்து, யாரும் நடாமல் தானாக முளைத்த செடிகளைப் படிக்கப்போவதாகச் சொல்லி, தென்கரையில் அடம்பன் கொடி, எருக்கு, கிண்ணை, இராவணன் மீசை என்று பதினான்கு செடிகளைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் இலக்கம் எழுதிய தடி ஒன்றை நட்டுவிட்டுப் போனாள். செவ்வாய்க்கிழமைதோறும் அந்தச் செடிகளின் வேரடி மண்ணில் ஒரு கரண்டி கிண்டிக் குப்பியில் அடைத்துப் படகில் அனுப்புவது றெஜினாவின் வேலை. போவதற்கு முன் விஜயரூபி ஒரு வேரைக் கழுவி உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். வேரைச் சுற்றி வெண்பஞ்சு போல ஏதோ ஒட்டிக்கிடந்தது.

"இது பூஞ்சணம் அக்கா. இஞ்ச மண்ணெண்டு சொல்ல என்ன கிடக்கு? ஊரிச் சிப்பியும் உப்பும்தான். இந்தச் செடியள் தனிய நிண்டா ஒரு கோடைக்குத் தாங்காது. இந்த நூல்தான் வேர் போகேலாத இடத்துக்கெல்லாம் போய்த் தண்ணி கொண்டந்து குடுக்குது. ஒரு செடியிட்ட இருக்கிறதை இல்லாத செடிக்கும் கொண்டுபோகுது."

"கேட்டுப்போட்டோ கொண்டுபோகுது?"

"கேக்காது அக்கா."

"குடுத்துவைச்ச செடியள்," என்று சொல்லிவிட்டு றெஜினா எழுந்தாள். மூன்று மணியாகிவிட்டிருந்தது; சூசைதாசனைப் புரட்ட வேண்டும்.

இப்போது அந்த நூல் தென்கரையின் செடிகளை விட்டு ஊருக்குள் வந்திருந்தது. ஏன் வந்தது என்று யாரும் அதிகம் யோசிக்கவில்லை. மூன்று முறை இடம்பெயர்ந்து மூன்று முறையும் திரும்பி வந்த சனம் அது. வந்ததை வந்ததென்று வைத்துக்கொள்ளும் பழக்கம் அவர்களுக்கு இருந்தது. பெண்கள் விளக்குமாற்றால் கூட்டித் தள்ளினார்கள். பின்னேரமே திரும்பவும் படர்ந்துவிட்டது. பிறகு கூட்டுவதை விட்டுவிட்டார்கள். ஊரில் எல்லோரும் வெறுங்காலோடுதான் நடந்தார்கள். பாதம் பட்ட இடத்தில் நூல் கொஞ்சம் அமுங்கி, பாதம் எடுத்ததும் நிமிர்ந்துகொண்டது.

அன்று பகல் கூட்டுறவுக் கடை மனேச்சர் மரியநாயகம் சீனி நிறுத்துக்கொண்டிருந்தவர், தராசுத் தட்டில் நெற்றியை வைத்து அப்படியே நித்திரையாகிவிட்டார். வரிசையில் நின்றவர்கள் எழுப்பவில்லை. அவர்களும் சுவரோடு சாய்ந்து நித்திரைதான். வலை இழுக்கப் போனவர்கள் கண்ணுக்குப் பின்னால் குத்துகிறதென்று நெற்றியைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அது நாள் முழுக்க ஊசி கோக்கும் தையற்காரியின் களைப்பு. தையற்காரியோ வலக்கையைத் தூக்க முடியாமல், கயிறு அறுத்த உள்ளங்கை போல எரிகிறதென்று மெசினை மூடிவிட்டுப் படுத்தாள். மூன்று நாளில் ஊருக்குக் காரியம் விளங்கிவிட்டது. எவரிடம் களைப்புக் கூடிக்கிடந்ததோ அவரிடமிருந்து எடுத்து, குறைந்தவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்தது அந்த நூல், யாரிடமும் கேட்காமல்.

சனம் அதற்கும் பழகிக்கொண்டது. வழியில் காண்கிறவர்கள் "சாப்பிட்டாச்சோ?" என்று கேட்பதை விட்டு, "இண்டைக்கு ஆருடைய களைப்பு உமக்கு?" என்று கேட்டுக்கொண்டார்கள். கைராசிக்காரர்கள் சிலர், தோள்மூட்டைப் பிடித்துப் பார்த்தே இது இன்னாருடையது என்று சொன்னார்கள். கிழக்குத் தெருவில் ஆண்கள் உட்பட அத்தனை பேரும் விடியற்காலையில் வயிற்றைப் பிரட்டிக்கொண்டு இருந்ததில், போன ஆவணியில் கலியாணம் கட்டிய ஒரு பெண் வாய் திறப்பதற்கு முன்பே அவள் முழுகாமல் இருப்பது தெருவுக்கே தெரிந்துபோயிற்று. தேவாலயத்துச் சுவாமி பிரசங்கத்தைப் பாதியாகக் குறைத்தார். அதற்கு மட்டும் எல்லோரும் நூலுக்கு நன்றி சொன்னார்கள்.

ஆனால் ஒரு களைப்பை மட்டும் யாராலும் இன்னாருடையதென்று சொல்ல முடியவில்லை. அது எல்லாவற்றிலும் பெரியது. ஒன்பது மணிக்கு வரும், பன்னிரண்டுக்கு வரும், மூன்றுக்கு வரும், ஆறுக்கு வரும். இடுப்பு நாரியின் அடியில் ஒரு கொளுவல், இரண்டு தோட்பட்டைக்கும் கீழே ஒரு இழுவை, பிறகு யாரோ மூச்சை விட்டது போல ஒரு தளர்ச்சி. அந்த நேரத்தில் நடந்துகொண்டிருந்தவர்கள் குந்தினார்கள், குந்தியிருந்தவர்கள் படுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். றெஜினாவும் போய்க் கடைசி வாங்குப்பலகையில் இருந்தாள். பத்து நாளாக நல்ல நித்திரை கொண்டதில் அவள் முகம் மினுங்கியது. அதை மறைக்க முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பெருநிலத்திலிருந்து வந்து தீவுப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் கௌசல்யா ரீச்சர்தான் எழுந்து சொன்னாள். "எனக்கு இது ஆரம்பத்திலயே தெரியும். கடைசிக் காலத்தில அப்பாவை நான்தான் பாத்தனான். ஒரு ஆளைத் தூக்கி, புரட்டி, மற்றப் பக்கம் படுக்கவைக்கிற களைப்பு இது. வேற ஒண்டுமில்லை."

ஒருவரும் திரும்பி றெஜினாவைப் பார்க்கவில்லை. அத்தனை கழுத்தும் திரும்பாமல் விறைத்து நின்றதைப் பார்த்தபோது, உள்பாவாடையைக் கொடியில் காயப்போட்டதை ஊரே கண்டுவிட்டதைப் போல அவளுக்குக் கூசியது.

மரியநாயகம் தொண்டையைச் செருமினார். அவர் கெட்ட மனிதர் அல்ல. நரம்பு சுருண்ட காலோடு காலையிலிருந்து பின்னேரம் வரைக்கும் கடையில் நிற்கிறவர். "பாவம்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா அவரவருக்கு அவரவற்றை பாரமே போதும். கடலுக்குப் போறவன் மூண்டு மணிக்கு நடுக்கடலில சரிஞ்சு விழுந்தா ஆர் பதில் சொல்லுறது?"

றெஜினா எழுந்து நின்றாள். தன் ஆடு பிறத்தியார் தோட்டத்தில் மேய்ந்துவிட்டது போலத்தான் அவள் பேசினாள். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் வேணுமெண்டு செய்யேல்லை."

அடுத்த படகில் இறப்பர்ச் செருப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. இறப்பரை அந்த நூல் தாண்டாது என்று யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். சிலர் கடை வாசலிலேயே போட்டுக்கொண்டு நிமிர்ந்து நடந்தார்கள். சிலர் பையில் மறைத்து எடுத்துப் போய் வீட்டு முற்றத்தில் போட்டார்கள். கிணற்றடிக்கும் செருப்பு, கோயிலுக்குள்ளும் செருப்பு. சுவாமி ஒன்றும் சொல்லவில்லை. அவர் எல்லோருக்கும் முதலே சப்பாத்துப் போட்டுவிட்டிருந்தார். ஒவ்வொருவர் செருப்புப் போடும்போதும் றெஜினாவுக்கு ஒரு சிட்டிகை களைப்புத் திரும்பி வந்தது. திங்கட்கிழமை தோளில் வந்தது, செவ்வாய் நாரியில் வந்தது. வெள்ளிக்கிழமை அவள் பழையபடி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

வெறுங்காலோடு மிஞ்சியவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான்: ரீச்சர், கோயில் மணியடிக்கும் சங்கிலித்தார், செருப்பு வாங்க மறந்தவர்கள் சிலர், வாங்க மாட்டோம் என்று நின்றவர்கள் சிலர். ஊர் முழுக்கப் பகிர்ந்த பாரம் இப்போது அந்தச் சிலர் மேல் இறங்கியது. ஒரு பகல் பள்ளிக்கூட வழியாக வந்த றெஜினா, கரும்பலகையில் எழுதியபடியே சோக்கட்டி கீழே இழுபட்டுப்போக, ரீச்சர் நெற்றியைப் பலகையில் வைத்துக்கொண்டு நிற்பதை யன்னலால் கண்டாள்.

நேரே கடைக்குப் போனாள். மரியநாயகம் அவள் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைக் கிளறினார்.

"என்ன அளவு, தங்கச்சி?"

"எதெண்டாலும் தாங்கோ."

அங்கேயே செருப்பைக் காலில் கொளுவினாள். வீட்டுப் படலையைத் திறப்பதற்கு முன்பே ஒன்பது வருடமும் முழுமையாக வந்து, தாங்கள் வழக்கமாக இருந்த இடங்களில் இருந்துகொண்டன.

இது நடந்து நான்காம் நாள் மூன்று மணிக்கு, சூசைதாசனின் தோளுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கியபோது றெஜினாவின் கைகள் அவள் சொல்லைக் கேட்கவில்லை. கட்டில் சட்டம் ஒரு தரம் கிறீச்சிட்டது. அவர் சரிந்தார், அவள் அவருக்கு அடியில் சரிந்தாள், தலையணையும் போர்வையுமாக இரண்டு பேரும் நிலத்தில் கிடந்தார்கள்.

"அடிபட்டதோ?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியிறதுக்கு வழியில்லை. உனக்கு?"

"இல்லை."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "றெஜினா, உன்ரை களைப்பை ஊர் முழுக்கக் கொண்டு திரிஞ்சுதுகள். என்ரை களைப்பை ஆரும் கேக்கேல்லை."

"உங்களுக்கென்ன களைப்பு?" அது அவள் வாயிலிருந்து யோசிக்காமல் வந்துவிட்டது. வந்த பிறகு அதைத் திருப்பி எடுக்க வழியில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவருக்குக் கோபம் வரவில்லை. "சும்மா கிடக்கிறவனுக்கு என்ன களைப்பெண்டு நானும்தான் கனகாலம் யோசிச்சன். நீ என்னைத் தூக்கேக்குள்ள ஒவ்வொரு தரமும் நான் மூச்சை அடக்கிறனான். பல்லைக் கடிச்சுக்கொண்டு, நான் பாரமில்லை, நான் பாரமில்லையெண்டு நினைச்சுக்கொண்டு கிடப்பன். நீ தூக்கி முடியுமட்டும். ஒன்பது வரியமா."

"மூச்சை அடக்கினா பாரம் குறையுமே?"

"இஞ்சின்காரனுக்குப் பாரம் தெரியாதோ? குறையாதெண்டு தெரியும். எண்டாலும் அடக்கிறனான்."

றெஜினா அவருடைய தலைக்குக் கீழே தலையணையைச் சரிசெய்தாள். அவளுக்கு அழுகை வரவேண்டிய இடம் அது. அழுவதற்கும் கொஞ்சம் பலம் வேண்டியிருந்தது.

"என்ரை காலை ஒருக்கா மண்ணில வை," என்றார் சூசைதாசன். "அந்த நூல் என்ரை காலில படட்டும்."

"ஊர் என்ன சொல்லும்?"

"ஊர்தானே செருப்புப் போட்டிட்டுது."

அவரைப் பாயில் உருட்டி ஏற்றி, பாயின் நுனியைப் பிடித்து, ஒரு முழம் இழுப்பதும் ஓய்வதுமாக முற்றத்துக்குக் கொண்டுபோக நெடுநேரம் எடுத்தது. வெயில் முகத்தில் பட்டதும் அவர் கண்ணைச் சுருக்கினார். நடையை மறந்த அந்தப் பாதங்கள் பிறந்த பிள்ளையின் பாதத்தைப் போல வெள்ளையாய், மென்மையாய், வெடிப்பொன்று இல்லாமல் இருந்தன. அவற்றை அவள் தூக்கி நூலின் மேல் வைத்தாள். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. தன் கால் எங்கே என்பதையே அவள் முகத்தைப் பார்த்துத்தான் அறிய வேண்டியிருந்தது. நூல் மட்டும் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் மெல்ல ஏறியது.

அவர் மூச்சை விட்டார். இவ்வளவு மூச்சு ஒரு மனிதனுக்குள் இருக்குமா என்று நினைக்கும்படி, விட்டுக்கொண்டே இருந்தார்.

றெஜினா தன் செருப்பைக் கழற்றி எறிந்தாள். அவருக்குப் பக்கத்தில் மண்ணில் மல்லாந்து, தன் பாதத்தை அவர் பாதத்தோடு சேர்த்து வைத்தாள். அது அவளிடமும் வந்தது. உடம்பில் இன்ன இடம் என்றில்லாத களைப்பு அது: கூரையின் கிடுகுகளை எண்ணி முடித்துத் திரும்ப எண்ணுகிற களைப்பு, தாகமென்று சொன்னால் அவள் எழும்ப வேண்டும் என்று நாக்கை மடித்துக்கொண்டு கிடக்கிற களைப்பு, அவளுடைய காலடி கிணற்றடியில் கேட்டால் கிணற்றடியிலும் படலையில் கேட்டால் படலையிலும் தானும் போய் நிற்கிற களைப்பு, எல்லாவற்றுக்கும் நன்றி என்று கண்ணாலே சொல்லி, சொன்னது அவளுக்குச் சேர்ந்ததோ என்று பார்த்துக்கொண்டு கிடக்கிற களைப்பு. இவ்வளவு காலமும் ஒரே வீட்டுக்குள் இது தனக்குப் பக்கத்தில் கிடந்திருக்கிறது என்று அவள் நினைத்தாள். எழும்பப் பார்த்தாள். முடியவில்லை.

படலை படாரென்று திறந்தது. மரியநாயகம் செருப்புச் சத்தத்தோடு உள்ளே வந்தார்.

"என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறியள் ரெண்டு பேரும்? சங்கிலித்தார் மணிக்கயிற்றுக்குக் கீழ கிடக்கிறார். ரீச்சர் பள்ளிக்கூடத்தில படுத்துக்கிடந்து அழுகிறா, பிள்ளையள் சத்தம் போடாமல் சுத்தி இருக்குதுகள். ஏன் அழுகிறீர் எண்டு கேட்டா, நன்றி சொல்லிச் சொல்லிக் களைச்சுப்போனன் எண்டிறா. ஆருக்கு நன்றி சொன்னவ அவ?"

"றெஜினாவை ஏசாதை," என்றார் சூசைதாசன். "நான்தான் கேட்டனான். நன்றி சொன்னதும் நான்தான்."

மரியநாயகம் நின்றார். இந்த வீட்டுக்குள் அவர் வந்து ஏழு வருடமாகியிருந்தது. பாயில் கிடந்த நண்பனையும், மண்ணில் கிடந்த அவன் பெண்சாதியையும், நான்கு வெறும் பாதங்களையும் மாறி மாறிப் பார்த்தார். தன் செருப்பையும் பார்த்தார். அதை அவர் கழற்றவில்லை.

"வெயில் சுடுது. உள்ளுக்குப் போவம்," என்று குந்தியிருந்து இரண்டு கையையும் சூசைதாசனுக்கு அடியில் கொடுத்தார். ஒரு தரம் முக்கினார். "எட, இவ்வளவு பாரமோ நீ?"

"எலும்புப் பாரம். நாரியால தூக்காதை, கால் ரெண்டையும் ஊண்டிப் பிறகு தூக்கு. தலை தொங்காமல் முழங்கையில தாங்கு."

"நீ மூச்சை விடு. ஏன் அடக்கிக்கொண்டு கிடக்கிறாய்?"

நரம்பு சுருண்ட கால்கள் நடுங்க, செருப்பு மண்ணை அரைக்க, மரியநாயகம் அவரைத் தூக்கிக்கொண்டு வாசற்படியில் ஒரு தரம் சாய்ந்து நின்று, பிறகு உள்ளே போனார்.

தை மாதத்துக் காற்றில் அந்த நூல் ஊருக்குள் காய்ந்து உதிர்ந்ததையும், தென்கரையின் காட்டுச் செடிகளுக்கு அடியில் மட்டும் பழையபடி மிஞ்சியதையும், பன்னிரண்டு மணியானால் சும்மா இருக்க மனமில்லாமல் கௌசல்யா ரீச்சர் பள்ளிக்கூட இடைவேளையில் சூசைதாசனைப் புரட்ட வந்ததையும், பின்னேரங்களில் மரியநாயகம் கடையைப் பூட்டிவிட்டுச் செருப்போடு வந்து வேலையெல்லாம் பிழையென்று புறுபுறுத்தபடி செய்துவிட்டுப் போனதையும், வேறு சிலர் வருகிறோம் என்று சொல்லி வராமல் விட்டதையும் ஊரித்தீவுச் சனம் இன்றைக்கும் சொல்லும். அதெல்லாம் பிறகு நடந்தவை. அன்று பின்னேரம் றெஜினா முற்றத்தில் கிடந்தபடி உள்ளே கேட்கும் சத்தங்களைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கட்டில் கிறீச்சிட்டது. மரியநாயகம் இளைத்தார்.

"எந்தப் பக்கம் படுக்க விடுறது?"

"எந்தப் பக்கமெண்டாலும் பரவாயில்லை. உனக்கு லேசான பக்கமா விடு."

பன்னிரண்டு மணியிலிருந்து இடப்பக்கம் கிடந்தவர். இனி வலப்பக்கம் விட வேண்டும். அவர் அதைச் சொல்ல மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அவள்தான் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தாள். நாக்கு எழும்பவில்லை.

"எனக்கு லேசானதைக் கேக்கேல்லை நான்," என்றது மரியநாயகத்தின் குரல். "இஞ்ச, இந்தப் பக்கம் இடுப்பு செக்கச்செவேலெண்டு கிடக்கு. நீ சொல்லமாட்டியோ? மற்றப் பக்கம் வா. மெள்ள... மெள்ள."

றெஜினா திறந்த வாயை மூடினாள். கண்ணையும் மூடினாள். ஆறு மணி வந்தது, போனது. அவளை ஒருவரும் எழுப்பவில்லை.